திரும்பிப் பார்க்காதவர்கள்

ஆகஸ்ட் 6

இன்று முதல் பாக்கியநாதன் சாரோடு. துறைமுகத்திலிருந்து அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி. திரும்பும்போது காலி வேகன்கள். அவர் லோகோ பைலட். நான் அசிஸ்டெண்ட்.

லாபியில் மது சோதனைக் கருவியில் ஊதிக் காட்டிக் கையெழுத்துப் போட்டேன். யாருக்கு எந்த வண்டி என்று ஒதுக்கும் ஹமீது சார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"மாறன், காதுக்குப் பஞ்சு வச்சிக்கோ. உன் பைலட் ஹாரன் பார்ட்டி."

பாக்கியநாதன் சார் பக்கத்திலேயே நின்றிருந்தார். "நம்ம சொந்த ஹாரனா? சர்க்கார் ஹாரன். தேயட்டுமே," என்றார்.

ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. தலை முழுக்க நரை, மீசைக்கு மட்டும் மை. என்ன படித்தாய் என்று கேட்டார். மெக்கானிக்கல், பிறகு தபால்வழியில் எம்.ஏ. தத்துவம் என்றேன்.

"தத்துவமா? அது எதுக்குவே எஞ்சினுக்கு? சரி, ஏறும் புரொபசர்."

ஏறினேன்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. தூரத்தில் சிக்னல் தெரிந்ததும் ஒருவர் கையை நீட்டி, அதன் பெயரையும் நிறத்தையும் சத்தமாகச் சொல்ல வேண்டும். மற்றவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். "ஹோம், பச்சை." "ஹோம், பச்சை." இரண்டு பேர் ஒரே பொருளைப் பார்த்தோம் என்பதற்கு இதைவிட எளிய நிரூபணம் எனக்குத் தெரியாது.

பிறகு யோசிக்க: நிரூபணமா, எதிரொலியா?


ஆகஸ்ட் 9

ஹாரன். கேட் இல்லாத இடத்தில். ஹாரன் அடிக்கச் சொல்லும் பலகை இல்லாத இடத்தில். செம்பூரணி ஸ்டேஷன் தாண்டினால் வரும் நேர்கோட்டில், இருபுறமும் கரிசல், உடைமரம், கானல். வேறெதுவும் இல்லை. அங்கேதான் அதிகம்.

"எதுக்கு சார்?"

"மயிலு."

மயில் இல்லை.


ஆகஸ்ட் 13

ஒன்று கவனித்தேன். அவர் ஒருபோதும் சிக்னலை முதலில் சொல்வதில்லை.

இன்று வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டேன். கொடிக்கால்மேடு டிஸ்டண்ட் சிக்னல் மஞ்சள். தெளிவாகத் தெரிந்தது. அவர் கை பிரேக் பிடியில் இருந்தது. முகம் நேராக இல்லை. கோழி பார்ப்பதுபோலத் தலையைச் சற்றுத் திருப்பி வைத்திருந்தார். வண்டி நெருங்கிக்கொண்டே இருந்தது.

"சொல்லும்வே," என்றார். மெதுவாக.

"டிஸ்டண்ட், மஞ்சள்."

"டிஸ்டண்ட், மஞ்சள்."

பிரேக் போட்டார். சரியான இடத்தில், சரியான அளவில். ஐம்பத்தெட்டு வேகன் நிலக்கரி ஒரு குலுக்கல் இல்லாமல் அடங்கியது. இந்த மனிதரின் கைகளுக்குப் பாதை மனப்பாடம்.

அடுத்த சிக்னலை நானே முதலில் சொன்னேன்.


ஆகஸ்ட் 17

சொல்லிவிட்டார்.

செம்பூரணியில் எங்களை லூப்பில், ஓரத் தண்டவாளத்தில், போட்டார்கள். மூன்று பயணிகள் வண்டிகளுக்கு வழிவிட வேண்டும். சரக்கு வண்டிக்காரனின் வாழ்க்கையில் பாதி இதுதான்: ஓரமாக நிற்பது. உச்சி வெயில். எஞ்சினின் நிழலில், ஜல்லிமேல் துண்டு விரித்து உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். மாவடு அவர் வீட்டது.

நான் கேட்கவில்லை. அவரே ஆரம்பித்தார்.

"நீரு அன்னைக்கு வேணும்னுதான வாயப் பொத்திட்டு இருந்தீரு?"

"ஆமா சார்."

"கெட்டிக்காரன்தான்." ஊறுகாய்க் கொட்டையைத் துப்பினார். "புரொபசர், பேய் பிசாசுல நம்பிக்கை உண்டா?"

"இல்ல சார்."

"எனக்கும் கெடையாது. ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போறவன் நான். ஆனா ரோட்டுல ஆள் நடக்காவ."

ரோடு என்று அவர் சொல்வது தண்டவாளத்தை.

"எந்த ஆளு?"

"தெரியல. தலையில கூடை வச்சிருக்காவ. ஆணும் பொண்ணும். தலப்பாக்கட்டு. வரிசையா, ரெண்டு கம்பிக்கும் நடுவுல, நமக்கு முன்னால போவாவ. கல்யாணத்துக்குச் சீர் கொண்டு போற மாதிரி. சேலைக்கரையில பூவேலைகூடத் தெரியும்வே. உம்ம மொகம் எனக்குத் தெளிவாத் தெரியல, அந்தப் பூவு தெரியுது."

"வண்டி பக்கத்துல போனா?"

"இருக்காது."

"எத்தனை நாளா?"

"போன பொங்கலுக்கு அப்புறம்." சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடினார். "மொதல்ல ரெண்டு தடவ அவசர பிரேக் போட்டேன். மாடு வந்துச்சுன்னு எழுதிக் குடுத்தேன். அப்புறம் ஒரு வழி கண்டுபிடிச்சேன். ஹாரன் அடிப்பேன். நெச மனுசன்னா திரும்பிப் பாப்பான், எந்தப் பொறுமைசாலியா இருந்தாலும். அவிய பாக்க மாட்டாவ. திரும்பலையா, சரி, நம்ம ஆளுவதான்னு போய்ட்டே இருப்பேன்."

அதுதான் ஹாரன்.

"டாக்டர்கிட்ட சொல்லலாமே சார்."

"செல்வின்னு ஒருத்தன் இருந்தான், எனக்கு மூத்தவன். தண்டவாளத்துல பிள்ள நிக்குன்னு சொன்னான். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, மனநோய்னு எழுதிட்டான். அப்புறம் ஆபீஸ்ல எல்லாருக்கும் குடிக்கத் தண்ணி ஊத்திக் குடுத்துட்டுத் திரிஞ்சான். போறவன் வாறவனெல்லாம், 'என்ன செல்வின், பிள்ள பள்ளிக்கூடம் போச்சா'ன்னு கேப்பான். நானும் கேட்டிருக்கேன்." துண்டை உதறினார். "எனக்கு அந்தக் கேலி வேண்டாம். நவம்பர்ல மெடிக்கல். அதைத் தாண்டிட்டா போதும், அடுத்த மெடிக்கலுக்கு முன்ன நைசா வீட்டுக்குப் போயிருவேன். கண்ணு பாக்குற போர்டுல உள்ள எழுத்தெல்லாம் மனப்பாடம்."

சிரித்தார். கடைசிப் பயணிகள் வண்டி கடந்துபோனது. ஜன்னல்கள், கைகள், ஒரு பலூன்.


ஆகஸ்ட் 18

உறக்கம் வரவில்லை. பயத்தால் அல்ல.

தலைப்பாகை. கூடை. பூவேலை.

எழுதி வைக்க வேண்டும். எல்லாவற்றையும்.


ஆகஸ்ட் 26

புகார். வழியோரக் கிராமம் ஒன்று மனு கொடுத்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த முடியவில்லையாம். ஹமீது சார் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பாக்கியம், நம்ம ரெண்டு பேரும் ஒண்ணா வேலைக்குச் சேந்தவங்க. அதனால சொல்றேன். இன்ஸ்பெக்டர் உன் கேபின்ல ஏறப் போறாரு. ஆளில்லாத இடத்துல இன்னொரு தடவ ஹாரன் அடிச்சா, ஏன் எதுக்குன்னு மெடிக்கலுக்கு எழுதிருவாரு. நவம்பர் வரைக்கும் பொறுக்க மாட்டாரு."

"சரி."

"என்ன சரி? காரணம் சொல்லுய்யா."

"மயிலு."

வெளியே வந்ததும் சார் சுவரில் சாய்ந்து நின்றார். காக்கிப் பைக்குள் எதையோ தேடினார், எதுவும் எடுக்கவில்லை. அவரிடம் இருந்த ஒரே சோதனை ஹாரன்தான். அது போய்விட்டது.

நான்தான் யோசனை சொன்னேன். யோசித்துக்கூடச் சொல்லவில்லை, தானாக வந்தது.

"சார், சிக்னலுக்கு நாம சொல்லிக்கிற மாதிரியே இதுக்கும் சொல்லிக்கலாம். உங்களுக்கு யாராவது தெரிஞ்சா 'ஆள்?'னு கேளுங்க. நான் பாத்து, இல்லன்னா 'கிளியர்'னு சொல்றேன். இருந்தா 'ஆள்'னு சொல்றேன். அப்ப மட்டும் ஹாரன்."

அவர் என் பக்கம் திரும்பினார். பார்வை என் காதுக்குப் பக்கத்தில் எங்கோ நின்றது.

"தத்துவம் படிச்சவன்னா சும்மாவா," என்றார்.


ஆகஸ்ட் 28

"ஆள்?"

"கிளியர்."

இன்ஸ்பெக்டர் எங்கள் பின்னால் நின்றுகொண்டு, இது என்ன புதுப் பழக்கம் என்று கேட்டார். பாதையைக் கவனமாகப் பார்த்துச் சொல்லிக்கொள்கிறோம் என்றேன். நல்ல பழக்கம், மற்றவர்களும் செய்யலாம் என்றார்.

சார் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். அல்லது என் பக்கத்தில் இருந்த யாரையோ பார்த்து.


செப்டம்பர் 2

இப்போது வண்டி ஓடும்போதே எழுதுகிறேன். கூடாது. ஆனால் அவர் சொல்லச் சொல்ல எழுதாவிட்டால் சொற்கள் போய்விடுகின்றன. எழுத்து ஆடுகிறது.

இன்று: ஒருத்தியின் கூடையில் கோழிகள். கோழிகளும் சத்தம் போடுவதில்லை. ஒரு கிழவரின் தலைப்பாகை சுற்றிச் சுற்றி, கழுத்துவரை. ஒரு பிள்ளை, அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி, ஒரு கால் மட்டும் தண்டவாளத்தின்மேல் வைத்து நடக்கிறது.

"எங்க போறாங்க சார்?"

"நம்ம போற பக்கம்தான். எனக்கென்ன தோணும்னா, அவிய நடந்து முடிச்ச எடத்துலதான் நம்ம ரோடே போட்டிருக்கும்."

இதை நான் யோசித்திருக்க வேண்டும். என் வாக்கியம் இது. அவர் வாயில் வந்துவிட்டது.


செப்டம்பர் 6

எங்கள் கேபினில் ஒரு பொத்தான் இருக்கிறது. ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை அதையோ வேறு எந்தக் கருவியையோ தொட வேண்டும். தொடாவிட்டால் எஞ்சின் எங்களை இறந்தவர்களாகக் கருதித் தானே நின்றுவிடும்.

வண்டியின் வால்பக்கம் இப்போது கார்டும் இல்லை. கடைசி வேகனில் அவருக்குப் பதில் ஒரு சிறு கருவியை மாட்டியிருக்கிறார்கள். அது மினுக்குகிறது. அரை மைலுக்குப் பின்னால் யாருமில்லை என்பதை விடாமல் அறிவிக்கிறது.

முன்னால் இல்லாத மனிதர்கள். பின்னால் இல்லாத மனிதர். நடுவில் நாங்கள், உயிரோடிருப்பதாகப் பொத்தானை அழுத்திக்கொண்டு.

(இது நன்றாக இருக்கிறது. வைத்துக்கொள்ளலாம்.)


செப்டம்பர் 10

விடுப்பு. அறையில் படுத்துக் கைப்பேசியில் வேறு எதையோ தேடப்போய்க் கண்டுபிடித்தேன்.

பேய் இல்லை. பைத்தியமும் இல்லை. கண்.

பார்வையின் நடுப்பகுதி அழிந்துகொண்டே வரும். ஓரம் மட்டும் மிஞ்சும். நடுவில் விழும் வெற்றிடத்தை மூளை பொறுத்துக்கொள்ளாமல் தானே படம் வரைந்து நிரப்பும். பெரும்பாலும் மனிதர்கள். பெரும்பாலும் ஊர்வலம், தலைப்பாகை, அலங்கார உடை. சத்தம் இருக்காது. புத்தி தெளிவாக இருக்கும். இதற்கு ஒரு பெயரும் இருக்கிறது. ஒரு கண் மருத்துவர் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். யாரும் யாரையும் பைத்தியம் என்று எழுத வேண்டியதில்லை.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை இதைப் படிக்க.

பெயரை இங்கே எழுதவில்லை.


செப்டம்பர் 11

இன்று சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் கூட இருந்தார்.


செப்டம்பர் 14

இன்றும் சொல்லவில்லை. சாரின் மகளுக்கு வரன் பார்க்க வந்திருந்தார்கள், அதையே பேசிக்கொண்டு வந்தார். மகிழ்ச்சியாக இருந்தார். அந்த மனநிலையைக் கெடுப்பானேன்.

பிறகு அவரே கேட்டார். "ஏவே புரொபசர், உம்ம பொஸ்தகத்துல இதெல்லாம் போட்டிருக்கானா?"

"இல்ல சார்."

"எப்படிப் போடுவான். பாத்தவன் எழுத மாட்டான், எழுதுறவன் பாக்க மாட்டான்."

நான் எழுதிக்கொண்டேன்.


செப்டம்பர் 20

ஏற்பாடு நன்றாக வேலை செய்கிறது. எனக்கு நல்ல கண்கள் இருக்கின்றன. ஆபத்து எதுவும் இல்லை.


செப்டம்பர் 23

சொன்னால் அவர் இறங்கிவிடுவார். வேறு யாராவது ஒருவரை அனுப்புவார்கள். செம்பூரணி நேர்கோட்டில் தண்டவாளமும் கரிசலும் மட்டும் இருக்கும்.

"ஆள்?" "கிளியர்." இப்போதெல்லாம் கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடுகிறது. நாக்குக்கே தெரியும்.


செப்டம்பர் 26

செம்பூரணி தாண்டியாயிற்று. நல்ல வெயில். தண்டவாளம் உருகி ஓடுகிறது. இன்று கூட்டம் அதிகம் என்கிறார், திருவிழா போல. கேட்டார். கிளியர். பெண்கள் எல்லாரும் ஒரே நிறச் சேலை, மாதுளை நிறம். ஓரமாக ஒருவன் மட்டும் தனியாகப் போகிறானாம், சேலைக்காரிகளோடு சேராமல். அவன் தலையில் கூடை இல்லை, கட்டு. புதிது. இதுவரை எல்லாமே கூடைதான். மறுபடி கேட்கிறார். கிளியர். கட்டில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். இத்தனை நாளுக்குப் பிறகு அவர்கள் சுமையை மாற்றிக்கொள்


செப்டம்பர் 26, மாலை

வண்டி நேரத்துக்குச் சேர்ந்தது.

எஞ்சின் முகப்பைப் பார்க்க இறங்கினேன். அது அசிஸ்டெண்டின் வேலைதான். தூசியாக இருந்தது. இரண்டு பாட்டில் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.

"எதுக்குவே கழுவுதீரு? ஆயுத பூசைக்கு இன்னும் நாள் கெடக்கே," என்றார் சார், மேலே கதவில் நின்று.

"தூசி சார்."

கருவேல மரப்பட்டை கொஞ்சம் ஒட்டியிருந்தது. எடுத்துப் போட்டேன்.


செப்டம்பர் 27

லூப்பில் நின்றோம். அவர் சாப்பிடவில்லை.

"நேத்து ஒருத்தன் திரும்பிப் பாத்தான் தம்பி."

முதல்முறையாகத் தம்பி என்கிறார்.

"யாரு சார்?"

"அவிய கூட்டத்துலதான். கட்டு வச்சிருந்தாம்லா, அவன். இத்தன மாசத்துல யாரும் திரும்புனதில்ல. கிட்ட போகவும் திரும்பினான். வாயத் தொறந்தான்."

ஒரு காகம் இணைப்புக் கொக்கியில் வந்து உட்கார்ந்தது. இருவரும் அதைப் பார்த்தோம். அவருக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை.

"நீரு கிளியர்னு சொன்னீருல்லா?"

"ஆமா சார்."

"அப்ப சரி."

சாப்பாட்டைக் காகத்துக்கு வைத்தார்.


செப்டம்பர் 28

லாபியில் ஹமீது சார் ஒவ்வொரு ஜோடியாக நிறுத்திக் கேட்டார்.

"செம்பூரணிக்கு அந்தப் பக்கம் முள்ளுக்குள்ள ஒரு பாடி. நாய்ங்க நின்னதப் பாத்துட்டு, தண்டவாளம் பாக்குற கேங்மேன் எறங்கிப் போயிருக்கான். ரெண்டு நாள் ஆகியிருக்கும்னு போலீஸ் சொல்றாங்க. வெறகு எரிச்சுக் கரி எடுக்குற மூட்டத்துல வேலை பாக்குறவராம். மாடக்கண்ணு. வெறகு சொமந்துட்டுக் குறுக்குவழியில போயிருக்காரு. எந்த வண்டின்னு தெரியல. நீங்க ஏதாவது பாத்தீங்களா?"

"இல்ல சார்," என்றேன்.

பாக்கியநாதன் சார் சிலுவை போட்டுக்கொண்டார். 'எதுவும் காணவில்லை' என்று அச்சடித்த தாளை ஹமீது சார் நீட்டினார். எங்கே கையெழுத்துப் போடுவது என்று பாக்கியநாதன் சாருக்குத் தெரியவில்லை. இடத்தில் நான் விரல் வைத்துக் காட்டினேன். என் விரலை ஒட்டியே போட்டார்.

பிறகு அந்தத் தாளில் நானும்.


செப்டம்பர் 29

சார் வேலைக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டாராம்.


அக்டோபர் 3

வேறு பைலட். என் வயதுதான். பாட்டுப் பிரியர்.

நேர்கோட்டில் அவர் கேட்டார்: "என்ன கிளியர்?"

"என்ன?"

"கிளியர்னு சொன்னீங்களே, ப்ரோ. இங்க சிக்னலே இல்லையே."

நான் சொன்னது எனக்குக் கேட்கவில்லை.


அக்டோபர் 7

கைப்பேசியில் பேரை அடித்துப் பார்த்தேன். மாடக்கண்ணு. எதுவும் இல்லை. செய்தித்தாளில் நான்கு வரி வந்திருந்தது. அதில் பேரையும் தப்பாகப் போட்டிருந்தார்கள்.


அக்டோபர் 11

ஆயுத பூசை. ஷெட்டில் எஞ்சின்களுக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனம் பூசி, முகப்பில் குங்குமம் வைத்தார்கள். நான் கழுவிய உயரத்தில்.

பூசணிக்காயை வெட்டிக் குங்குமம் நிரப்பி என் கையில் கொடுத்தார் ஹமீது சார். "நீதான் சின்னவன். குனிஞ்சு தண்டவாளத்துல போட்டு ஓங்கி உடை. திருஷ்டி போகட்டும்."

உடைத்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். பொரிகடலை கொடுத்தார்கள்.


அக்டோபர் 15

ரயில்வே போலீஸ் அவுட்போஸ்ட். வெளியே பெஞ்சு. சார் உள்ளே பேசிக்கொண்டிருக்கிறார். அடுத்தது நான். அதுவரை எழுதலாம்.

காலையில் போன் செய்து வீட்டுக்கு வரச் சொன்னார். போனேன். வாசலிலேயே குரல் கேட்டது. "ரோஸ்லின், புரொபசர் வந்துட்டாரு, அந்த மிச்சரக் கொண்டா." மனைவி சிரித்தபடி தட்டைக் கொண்டுவந்து வைத்தார். வீட்டில் ஏதோ விசேஷம் போல ஒரு களை.

"கண்ணு தம்பி! வெறும் கண்ணு. மக கூட்டிட்டுப் போனா. டாக்டரம்மா சின்னப் பொண்ணு. பாத்துட்டுச் சிரிக்கி. 'தாத்தா, தலப்பாக்கட்டு தெரியுதா, கூடை தெரியுதா'ன்னு அவளே கேக்கா! நெறையப் பேருக்கு வருமாம். பேய் இல்ல, பைத்தியமும் இல்ல. இத்தன மாசமா நான் செத்துச் செத்துப் பொழச்சிருக்கேன். வேல இனி ஆபீஸ்லதான். போகட்டும், தண்ணி ஊத்துனா என்ன கொறஞ்சா போச்சு?"

"சந்தோஷம் சார்," என்றேன்.

"காப்பி போடு," என்று மனைவியை உள்ளே அனுப்பினார். அவர் போகும்வரை காத்திருந்தார். முகம் மாறியது.

"டாக்டரம்மாகிட்ட ஒண்ணு கேட்டேன். அவிய திரும்பிப் பாப்பாவளான்னு. பாத்தாலும் பாக்கலாம்னா. எனக்கு மனசு லேசாச்சு. அப்புறம் இன்னொண்ணும் கேட்டேன். சத்தம் வருமான்னு. வராதாம். எப்பவும் ஊமைதானாம்."

சமையலறையில் பால் பாத்திரம் வைக்கும் ஒலி.

"அன்னைக்கு எனக்குச் சத்தம் கேட்டுது."

நான் தட்டைப் பார்த்தேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கேபினில் உட்காருவது போல. தலையைச் சற்றுத் திருப்பி, என்னை ஓரக்கண்ணில் கொண்டுவந்து, கேட்டார்.

"ஆள்?"

பதில் வாயில் தயாராக இருந்தது. அந்தச் சொல் என் பற்களைத் தொட்டதை உணர்ந்தேன்.

"ஒருத்தர்," என்றேன்.

அவர் என் பக்கம் காதைச் சாய்த்தார்.

"வெறகு வச்சிருந்தார் சார். நான் குனிஞ்சு எழுதிக்கிட்டு இருந்தேன். பாக்காமலே சொல்லிட்டேன். நிமிரும்போது சட்டை மட்டும் தெரிஞ்சது. ஊதாச் சட்டை."

"பேரு?"

"மாடக்கண்ணு."

"மாடக்கண்ணு," என்று திருப்பிச் சொன்னார். சிக்னல் சொல்லும் அதே குரலில். பிறகு தன் வலது கையை விரித்துப் பார்த்தார். "ஹாரன்ல கை இருந்துச்சு. நீரு சொன்னீரேன்னு எடுத்தேன். நான் பாத்தேன்வே. கண்ணு போனவன் பாத்திருக்கேன்."

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் என்னை அடிக்கவில்லை, கத்தவில்லை. அதனால் நிறுத்த முடியவில்லை.

"அது கண்ணுன்னு எனக்கு முன்னாடியே தெரியும் சார். அவர் சாகுறதுக்கு ரெண்டு வாரம் முன்னால."

புரிய நேரமாயிற்று அவருக்கு.

"ஏன்டே சொல்லல?"

'வே' போய் 'டே' வந்துவிட்டது.

"சொன்னா நீங்க எறங்கிருவீங்க."

"எறங்கியிருப்பேன்," என்றார். "அவனும் வீட்டுக்குப் போயிருப்பான்."

ரோஸ்லின் அம்மா காப்பியோடு வந்து இருவர் முகத்தையும் பார்த்து நின்றுவிட்டார். சார் எழுந்து சட்டையைக் கேட்டார். எங்கே என்று மனைவி கேட்டதற்கு, "இந்தத் தம்பியோட ஒரு எடம் வரைக்கும்," என்றார். பொத்தானை மாற்றிப் போட்டார். ரோஸ்லின் அம்மா அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டார்.

காப்பி அப்படியே இருந்தது.

தெருவில் இறங்கியதும் என் கை வேண்டாம் என்றார். சிறிது தூரம் தனியாக நடந்தார். சைக்கிள் ஒன்று உரசிப் போனபிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடி கனமாக இருந்தது. பேசவில்லை. மார்க்கெட் தாண்டி, மேம்பாலத்தின் கீழ், ஸ்டேஷன் மதில் ஓரமாக வரும்போது தெரு காலியாகிவிட்டது. வெயில். எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

அவர் நின்றார். மதிலோடு ஒட்டி ஒதுங்கி, யாரோ கடந்துபோவதற்காகக் காத்திருந்தார். இல்லை என்று அவருக்குத் தெரியும். டாக்டர் சொல்லிவிட்டார். இருந்தாலும் ஒதுங்கினார்.

நானும் அவர் பக்கத்தில் மதிலோடு ஒட்டி நின்று, வழி விட்டேன்.